சுமை ஏறும்போது தெரியும் பழுது





மதரஸாவில் பாடம் நடத்துபவருக்கு வண்டிப் பழுதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். நமது பழைய வேனில் ஒரு பழுதைத் தேடப் போய், அதைவிடப் பெரிய பழுதொன்றை நம் நாவில் கண்டோம். வேனின் பழுது ஒரு ஒயரோடு தீர்ந்தது. நாவின் பழுதினால் விளைந்த நட்டம் இன்னும் முழுமையாகத் தீரவில்லை. நாம் செய்த தவறை வேறொருவர் செய்யாதிருக்க இது உதவுமானால் அல்ஹம்துலில்லாஹ் என்ற எண்ணத்தில்தான் இதை எழுதுகிறோம்.

நம்மிடம் இருந்தது 1998-ஆம் ஆண்டு மாருதி ஆம்னி. வாங்கும்போதே அதற்கு 18 வயது. எட்டுப் பேர் அமரக்கூடியது. 796 சிசி கொள்ளளவு கொண்ட மூன்று சிலிண்டர் எஞ்சின், முன் இருக்கைகளுக்கு அடியில் இருக்கும். கணினிக் கட்டுப்பாடு எதுவும் இல்லாத கார்புரேட்டர் வண்டி. வயதுக்கேற்ற தேய்மானங்களோடு நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. குடும்பத்தாருக்கும், வெளியூரிலிருந்து வந்து தங்கிப் படிக்கும் பிள்ளைகளை மருத்துவமனைக்கோ பேருந்து நிலையத்துக்கோ அழைத்துச் செல்வதற்கும் அது பேருதவியாக இருந்தது.

ஒரு மழைக்காலத்திற்குப் பிறகு அதில் ஒரு குறை தென்பட்டது. தனியாக ஓட்டிச் சென்றால் எந்தத் தொல்லையும் இல்லை. நிறுத்தி வைத்து எஞ்சினை ஓட விட்டால் சீராக ஓடும். ஆட்கள் ஏறி, மேம்பாலத்தில் மூன்றாம் கியரில் ஏறத் தொடங்கியதும் வண்டி இருமும். ஓர் உதறல், ஒரு நொடி இழுவை இல்லாமை, மீண்டும் ஓர் உதறல். பாலத்தின் உச்சியைத் தாண்டி இறக்கத்திற்கு வந்துவிட்டால் எதுவுமே நடக்காதது போல் ஓடும். பட்டறைகளில் இதை "மிஸ்ஸிங்" என்பார்கள். சிலிண்டர்களில் ஒன்று தன் முறை வரும்போது எரியாமல் விட்டுவிடுகிறது என்பது பொருள். நான்கு சிலிண்டர் வண்டியில் ஒன்று விட்டால் மூன்று மிஞ்சும். நமது வேனில் ஒன்று விட்டால் இரண்டுதான் மிஞ்சும். ஆகவே உதறல் பலமாகவே தெரிந்தது.

நமதூர் தென்காசியை அடுத்தது. கடைவீதியின் கோடியில் ஓர் அண்ணாச்சி பட்டறை வைத்திருக்கிறார். வயது அறுபதை நெருங்கும். வேனை வாங்கிய நாள் முதல் அவரிடமே காட்டி வந்தோம். அவர் மூன்று ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிப் பார்த்தார். இரண்டு இளம்பழுப்பு நிறத்தில் இருந்தன. அது நன்றாக எரிவதற்கு அடையாளம். நடுவில் இருந்த ஒன்று மட்டும் கரி படிந்து, பெட்ரோல் ஈரத்தோடு இருந்தது. மூன்றையும் மாற்றினார். 850 ரூபாய் ஆயிற்று. இரண்டு நாள் நன்றாக இருந்தது போலத் தோன்றியது. மூன்றாம் நாள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பாலத்தில் ஏறியபோது மறுபடியும் இருமல்.

திரும்பச் சென்றோம். இம்முறை கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்தார், பெட்ரோல் ஃபில்டரை மாற்றினார். மேலும் 1,500 ரூபாய். மாலையில் அவரே கடைவீதியைச் சுற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். வண்டி பூப்போல ஓடியது. ஆனால் மறுநாள் பாலத்தில் அதே இருமல்.

மூன்றாம் முறை சென்றபோது அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பாய், சும்மா ஓட்டிப் பார்த்தா வண்டி நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு ஆளை ஏத்திக்கிட்டு வாங்க. பாலத்துல ஏறும்போது நான் பக்கத்துல உக்காந்து பார்க்கணும். லோடு இருந்தாத்தான் கண்டுபிடிக்க முடியும்."

நியாயமான பேச்சு. ஆனால் நமக்கு அப்போது அது நியாயமாகப் படவில்லை. இரண்டு முறையில் 2,350 ரூபாய் போய்விட்டது. மதரஸா ஆசிரியரின் மாத வருமானத்தில் அது ஏறக்குறையக் கால் பங்கு. மூன்றாவது செலவுக்கு இவர் வழி பண்ணுகிறார் என்று மனம் கணக்குப் போட்டது. மாற்றியவை உண்மையிலேயே புது பிளக்குகளா, வேறு வண்டியிலிருந்து கழற்றித் துடைத்து மாட்டியவையா என்றுகூட ஓர் எண்ணம் எழுந்தது. அதற்கு எந்த ஆதாரமும் நம்மிடம் இருக்கவில்லை. "பார்க்கலாம் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

அன்று அஸ்ர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் திண்ணையில் ஏழெட்டுப் பேர் அமர்ந்திருந்தோம். வண்டி என்ன ஆயிற்று என்று ஒருவர் கேட்டார். நாம் சொன்னோம்: "பழைய பிளக்கை மாட்டிவிட்டுப் புதிதென்று காசு வாங்கியிருக்கிறார் போலத் தெரிகிறது. முன்னைப்போல் இல்லை அந்த அண்ணாச்சி." "போலத் தெரிகிறது" என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டதால் பொய் சொல்லவில்லை என்று மனம் சமாதானம் கொண்டது. கேட்டவர்களின் காதில் அந்தச் சொல் தங்கவில்லை. "ஹஜ்ரத்தையே ஏமாற்றிவிட்டாராம்" என்பதுதான் திண்ணையை விட்டு எழுந்து சென்றது. அந்த வாரத்திலேயே இருவர் தங்கள் வண்டிகளை வேறு பட்டறைக்கு மாற்றிக்கொண்டார்கள் என்பது பின்னர்தான் நமக்குத் தெரிந்தது.

இதில் வெட்கத்தோடு சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. அந்த நாட்களில் மாணவர்களுக்கு நாம் ஸூரத்துல் ஹுஜுராத் நடத்திக்கொண்டிருந்தோம். திருக்குர்ஆனின் 49-ஆவது அத்தியாயம், 18 வசனங்களே கொண்டது. ஒரு சமுதாயம் எப்படிப் பேச வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்பதையெல்லாம் கற்றுத்தரும் அத்தியாயம். வந்த செய்தியைத் தீர விசாரிக்கும்படி 6-ஆவது வசனம் கட்டளையிடுகிறது. ஊகங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கும்படியும், புறம் பேசாதிருக்கும்படியும் 12-ஆவது வசனம் எச்சரிக்கிறது. அந்த 12-ஆவது வசனத்தை, திண்ணையில் அவ்வாறு பேசிய அதே நாள் காலையில்தான் நடத்தி முடித்திருந்தோம்.

சில நாட்கள் கழிந்தன. நமக்கு இளமையில் ஓதிக்கொடுத்த பெரியவர் ஒருவர் கேரளத்தின் புனலூரில் நோயுற்றுக் கிடந்தார். அவரைப் பார்க்க ஆறு மாணவர்களையும் நம் மகனையும் ஏற்றிக்கொண்டு அஸ்ருக்குப் பிறகு புறப்பட்டோம். செங்கோட்டையைக் கடந்து, வழியில் மஃரிப் தொழுதுவிட்டு, புளியரையை அடைந்தபோது இருட்டிவிட்டது. அங்கிருந்து எல்லையை நோக்கி மலைப்பாதை ஏறத் தொடங்கும். எஸ் வளைவு என்று அந்த இடத்தை எல்லோரும் அறிவார்கள். தமிழகத்திற்கும் கேரளத்திற்கும் இடையே சரக்கு லாரிகள் ஓயாமல் ஊர்ந்துகொண்டிருக்கும் பாதை அது.

எட்டுப் பேர் சுமையோடு ஏற்றத்தில் கால் வைத்ததும் வேன் இருமத் தொடங்கியது. மேம்பாலம் அரை நிமிடத்தில் முடிந்துவிடும், இந்த ஏற்றம் முடியவில்லை. இரண்டாம் கியருக்கு மாற்றினோம், பின்னர் முதல் கியருக்கு. உதறல் அதிகமாகி வண்டி நின்றேவிட்டது. பின்னால் ஒரு லாரி ஒலியெழுப்பியது. வண்டி அரையடி பின்னோக்கி நகர்ந்தபோது உள்ளே இருந்த சிறுவன் ஒருவன் சத்தமாகக் கலிமா சொன்னான். ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளை இறங்கச் சொன்னோம். மகன் ஓடிச் சென்று பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தான். அந்த அரையடியை இப்போது நினைத்தாலும் உள்ளங்கை வியர்க்கிறது. பிறர் நம்மை நம்பி ஒப்படைத்த பிள்ளைகள் அவர்கள்.

பிள்ளைகள் இறங்கிய பின் எஞ்சினை இயக்கினால் அது சீராக ஓடியது.

பின்னால் நின்ற லாரியின் ஓட்டுநர் திட்டுவதற்காகத்தான் இறங்கி வந்தார் என்று நினைக்கிறோம். தொப்பியணிந்த பிள்ளைகளைப் பார்த்ததும் முகம் மாறியது. "உஸ்தாதே, எந்தா பிரச்சனை?" என்று மலையாளம் கலந்த தமிழில் கேட்டார். சொன்னோம். "ஆளிறங்கியா நல்லாத்தான் ஓடும்" என்று சிரித்தார். முன் இருக்கையைத் தூக்கச் சொல்லி எஞ்சினை உற்றுப் பார்த்தார். பிறகு அவர் சொன்னது நமக்கு வியப்பாக இருந்தது. டார்ச்சை அணைக்கச் சொன்னார்.

இருட்டில் எஞ்சினை இயக்கி, ஹேண்ட் பிரேக்கையும் கால் பிரேக்கையும் விடாமல், முதல் கியரில் கிளட்சை மெல்ல மெல்ல விடச் சொன்னார். வண்டி நகர முயன்றும் நகர முடியாமல் முக்கியது. நின்ற இடத்திலேயே எஞ்சினுக்குச் சுமை வந்தது. அப்போது அதைக் கண்டோம். நடு சிலிண்டருக்குச் செல்லும் பிளக் ஒயரிலிருந்து அருகிலிருந்த இரும்பை நோக்கி நீல நிறத்தில் நூல் போன்ற மின்பொறி தாவிக்கொண்டிருந்தது. நம் மகன்தான் முதலில் கூவினான்: "வாப்பா, கரண்ட் லீக் ஆகுது!" கிளட்சை மிதித்ததும் பொறி மறைந்தது. மீண்டும் விட்டதும் தோன்றியது.

இதன் காரணத்தை அந்த ஓட்டுநர் சொன்னதும், பிற்பாடு அண்ணாச்சி விளக்கியதுமாகச் சேர்த்து எழுதுகிறோம். பழைய வண்டி வைத்திருக்கும் சகோதரர்களுக்குப் பயன்படும்.

பிளக்கின் முனையில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி உண்டு. பேட்டரியின் 12 வோல்ட்டை இக்னிஷன் காயில் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்தி அனுப்ப, மின்சாரம் அந்த இடைவெளியைத் தாவுகிறது. அந்தப் பொறியில்தான் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை பற்றிக்கொள்கிறது. எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு பிளக்கும் நொடிக்கு 25 முறை பொறி விட வேண்டும். சும்மா ஓடும்போது சிலிண்டருக்குள் நுழையும் கலவை குறைவு, அழுத்தமும் குறைவு, பொறி எளிதில் தாவிவிடும். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தால் கலவை நிறைய நுழைந்து அழுத்தம் ஏறுகிறது. நெருக்கமான அந்தக் கலவையினூடே தாவ மின்சாரத்திற்கு முன்னைவிட அதிக வோல்ட் தேவைப்படுகிறது. பிளக் ஒயரின் உறையில் மயிரிழை வெடிப்பு இருந்தால், மின்சாரம் கடினமான வழியை விட்டுவிட்டு அந்த வெடிப்பின் வழியே அருகிலிருக்கும் இரும்புக்குப் பாய்ந்துவிடும். பிளக்கில் பொறி விழாது, அந்தச் சிலிண்டர் எரியாது, வண்டி உதறும். சுமை குறைந்ததும் எல்லாம் சரியாகிவிடும். வெடிப்பு மட்டும் அங்கேயே இருக்கும்.

சுமையில் இழுவை குறைவதற்கு வேறு காரணங்களும் உண்டு. பெட்ரோல் ஃபில்டர் அடைத்திருக்கலாம், பெட்ரோல் பம்ப் பலவீனமாகியிருக்கலாம், வால்வு சரியாக மூடாமல் கம்ப்ரஷன் குறைந்திருக்கலாம். பெட்ரோல் போதாமல் போனால் பெரும்பாலும் வண்டி மெல்ல மெல்லச் சோர்ந்து போகும். பொறி தவறினால் வெட்டி வெட்டி இழுக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் விழும் கீறலும் இதே தொல்லையைத் தரும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெயைக் கழுவிவிடும் என்பதால், இந்தப் பழுதோடு நெடுநாள் ஓட்டுவது எஞ்சினையே தேய்த்துவிடும். இருட்டில் பார்க்கும் அந்தச் சோதனையைப் பழக்கமில்லாதவர்கள் தனியாகச் செய்ய வேண்டாம். ஓடும் எஞ்சினின் பிளக் ஒயரைக் கையால் தொடுவது ஆபத்தானது.

ஓட்டுநர் எஞ்சினை நிறுத்தச் சொல்லி, ஒயரைத் துடைத்து, கிளிப்பிலிருந்து விடுவித்தார். கிளிப்புக்கு அடியில்தான் வெடிப்பு மறைந்திருந்தது. தம் லாரியிலிருந்து சைக்கிள் டியூப் துண்டொன்றை எடுத்து வந்து வெடிப்பின்மேல் இறுகச் சுற்றி, இரும்பில் படாதவாறு ஒதுக்கிக் கட்டினார். "இது கீழே போய்ச் சேரத்தான், மேலே ஏற வேண்டாம்" என்றார். நாம் கொடுக்க முயன்ற பணத்தை வாங்கவில்லை. துஆச் செய்யச் சொல்லிவிட்டு லாரியில் ஏறிக்கொண்டார். இன்றுவரை அவருக்காகத் துஆச் செய்கிறோம்.

வேனைத் திருப்பிக்கொண்டு ஊருக்கு வந்தோம். பிள்ளைகளை இறக்கிவிட்ட பின், வண்டிப் புத்தகத்தை எடுப்பதற்காக டாஷ்போர்டு அறையைத் திறந்தபோது அண்ணாச்சி இரண்டாம் முறை கொடுத்த பில் கையில் அகப்பட்டது. சிறு நோட்டுத் தாளில் எழுதிய பில். அன்று அதில் நாம் 1,500 என்ற தொகையை மட்டும்தான் படித்திருந்தோம். தொகைக்குக் கீழே பென்சிலில் ஒரு வரி இருந்தது: "பிளக் ஒயர் சந்தேகம். லோடு ஏத்திப் பார்க்கணும்."

அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு வேனுக்குள்ளேயே நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். காரணத்தை அவர் பெரும்பாலும் ஊகித்துவிட்டிருந்தார். ஊகத்தை ஊகமாகவே வைத்துக்கொண்டு, சோதித்துப் பார்க்காமல் ஒயருக்கும் காசு வாங்கக்கூடாது என்று காத்திருந்தார். நாமோ நம் ஊகத்தைச் சோதிக்காமலேயே ஏழெட்டுப் பேரிடம் கொடுத்துவிட்டோம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்துப் பார்த்து, மேலே உலர்ந்திருந்த தானியம் உள்ளே ஈரமாக இருப்பதைக் கண்ட நிகழ்ச்சியை நாம் பலமுறை மேடைகளில் சொல்லியிருக்கிறோம். வியாபாரியின் நேர்மையைப் பற்றிய பாடமாகவே சொல்லியிருக்கிறோம். அதில் வாங்குபவருக்கும் பார்ப்பவருக்கும் ஒரு பாடம் உண்டு என்பது அன்றிரவுதான் உறைத்தது. அவர்கள் கையை உள்ளே நுழைத்துப் பார்த்த பிறகே பேசினார்கள். அண்ணாச்சி கேட்டதும் அதைத்தான். ஆளை ஏற்றிக்கொண்டு வாருங்கள், உள்ளே கை விட்டுப் பார்க்கிறேன் என்றார். நாம்தான் விடவில்லை.

உமர் (ரலி) அவர்களைப் பற்றி நூல்களில் ஒரு செய்தி உண்டு. ஒரு மனிதரை நல்லவர் என்று சாட்சி சொல்ல வந்தவரிடம், நீர் அவருடைய அண்டை வீட்டாரா, அவரோடு பயணம் செய்ததுண்டா, பணம் கொடுக்கல் வாங்கல் செய்ததுண்டா என்று அவர்கள் கேட்டார்கள். எதற்கும் இல்லை என்றே பதில் வந்தது. அப்படியானால் அவர் பள்ளிவாசலில் தலையைத் தாழ்த்துவதையும் உயர்த்துவதையும்தான் நீர் பார்த்திருப்பீர், அவரை நீர் அறியமாட்டீர் என்ற பொருள்படச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பயணமும் பணமும் அண்டை வீடும் மனிதர்மேல் ஏறும் சுமைகள். வகுப்பறையில் ஓதிக்கொடுக்கும்போதும் தொழுகையில் முன்நின்று நடத்தும்போதும் நம் நாவு சீராகவே ஓடியது. அங்கே அதற்குச் சுமை இல்லை. 2,350 ரூபாய்ச் சுமை ஏறியதும் இருமிவிட்டது.

மறுநாள் பஜ்ர் தொழுதுவிட்டு நேரே பட்டறைக்குச் சென்றோம். அண்ணாச்சி வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னோம். ஒயரைக் காட்டினோம். திண்ணையில் பேசியதையும் மறைக்காமல் சொல்லி, "மன்னித்துவிடுங்கள் அண்ணாச்சி" என்றோம்.

அவர் வாளியைக் கீழே வைத்தார். "அது அன்னைக்குச் சாயங்காலமே என் காதுக்கு வந்துட்டு பாய்" என்றார். குரலில் கோபம் இல்லை. நமக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. சற்றுப் பொறுத்து அவரே தொடர்ந்தார்: "நீங்க மன்னிப்பு கேக்க வேண்டாம். ஆனா பள்ளிவாசல்ல நாலு பேருக்கு முன்னால சொன்னதை, இங்க ஆளில்லாத நேரத்துல வந்து இல்லைங்கீங்க. அந்த நாலு பேருக்கு யாரு சொல்லுவா?"

தவ்பாவின் நிபந்தனைகளை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறோம். பாவத்தை விட்டுவிடுதல், அதற்காக வருந்துதல், மீண்டும் செய்வதில்லை என உறுதி கொள்ளுதல் ஆகியவை மூன்று. அடியார்களின் உரிமை சம்பந்தப்பட்டிருந்தால் அந்த உரிமையை உரியவரிடம் திருப்பிச் சேர்ப்பது நான்காவது என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில் எழுதியிருக்கிறார்கள். பொருளைப் பறித்திருந்தால் பொருளைத் திருப்பித் தரலாம். நற்பெயரைப் பறித்தவர் எதைத் திருப்பித் தருவது? அந்நூலைப் படித்திராத அண்ணாச்சி நமக்கு அந்த நான்காவது நிபந்தனையின் பொருளைச் சொல்லிவிட்டார். எங்கே பறித்தோமோ அங்கேயே திருப்பி வைக்க வேண்டும்.

நெருங்கிய நண்பர் ஒருவரிடம் ஆலோசித்தபோது அவர் தயங்கினார். "அவர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்லரே. அல்லாஹ்விடம் பாவமன்னிப்புக் கேட்டால் போதாதா? ஹஜ்ரத் என்ற மதிப்பும் இருக்கிறதே" என்றார். நம் நலன் கருதித்தான் சொன்னார். ஆனால் நீதி என்று வரும்போது எதிரில் இருப்பவர் யாரென்று பார்க்க நமக்கு அனுமதியில்லை. ஒரு கூட்டத்தார்மீது கொண்ட பகைகூட நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்துவிடக்கூடாது என்று ஸூரத்துல் மாயிதாவின் 8-ஆவது வசனம் கட்டளையிடுகிறது. பகைவருக்கே அந்த நீதி என்றால், ஆண்டுக்கணக்கில் நம் வண்டியைப் பார்த்துத் தந்த மனிதருக்கு எவ்வளவு?

அன்று அஸ்ருக்குப் பிறகு அதே திண்ணையில் நின்று சொன்னோம். "அந்த அண்ணாச்சியைப் பற்றி இங்கே நாம் சொன்னது தவறு. அவர் மாட்டியவை புது பிளக்குகள்தாம். பழுது ஒயரில் இருந்தது. அதை முதலிலேயே சந்தேகித்துச் சோதிக்கக் கேட்டவர் அவர். இல்லாத குற்றத்தை நாம்தான் சொன்னோம். இதை நம் வாயால் கேட்டவர்கள், யாரிடமெல்லாம் சொன்னீர்களோ அவர்களிடம் இதையும் சொல்லிவிடுங்கள்." பில்லையும் அவர்களிடம் காட்டினோம்.

ஒருவர் சிரித்தார். "ஒரு வண்டி விஷயத்துக்கு இவ்வளவா ஹஜ்ரத்?" என்றார் முதவல்லி. வயதான ஒருவர் மட்டும் எதுவும் பேசாமல் எழுந்து வந்து நம் கையைப் பிடித்துவிட்டுப் போனார். ஒருவரிடம் இருக்கும் குறையை அவர் இல்லாதபோது பேசினால் புறம், இல்லாத குறையைப் பேசினால் அவதூறு என்று நபிமொழி பிரித்துக் காட்டுகிறது. நாம் பேசியது இரண்டாவது வகை. வண்டி விஷயம்தான். ஆனால் அந்தப் பட்டறையை நம்பி ஒரு குடும்பம் சாப்பிடுகிறது.

வகுப்பிலும் மாணவர்களிடம் சொன்னோம். மலைப்பாதையில் நம்மோடு நின்ற பிள்ளைகளுக்கு முழுச் செய்தியும் தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் விரல்விட்டு நாட்களை எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "ஹஜ்ரத், அப்போ பன்னிரண்டாம் வசனம் நடத்தின அன்னைக்கா நீங்க அப்படிச் சொன்னீங்க?"

"ஆமாம், அன்றைக்கேதான்" என்றோம். வகுப்பு சிறிது நேரம் அமைதியாக இருந்தது. பிறகு கிதாபைத் திறந்து அந்த வசனத்தையே மறுபடியும் முதலிலிருந்து நடத்தினோம். இம்முறை நாமும் மாணவராக அமர்ந்திருந்தது போல் இருந்தது.

அண்ணாச்சி மூன்று ஒயர்களையும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் மாற்றினார். எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு, அவரையும் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, மேம்பாலத்தில் மூன்று முறை ஏறி இறங்கினோம். இருமல் இல்லை. "இப்போ காசு கொடுங்க" என்று சிரித்தார். அந்த வேன் அதன்பின் சில ஆண்டுகள் உழைத்தது. விற்கும்போது வாங்க வந்தவரை, ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு விலை பேசச் சொன்னோம்.

பட்டறையை மாற்றிய இருவரில் ஒருவர் மறுவாரமே அண்ணாச்சியிடம் திரும்பிவிட்டார். இன்னொருவர் புதிய இடத்தில் பழகிவிட்டார், வரவில்லை. அவரிடம் நேரில் சென்று சொல்லியும் பார்த்தோம். "உங்கள் பேச்சைக் கேட்டா மாற்றினேன் ஹஜ்ரத், அது பக்கத்தில் இருக்கிறது" என்று மழுப்பினார். உண்மை அவருக்கும் அல்லாஹ்வுக்கும் தெரியும். அந்த ஒரு வண்டியின் வருமானம் இன்றும் நம் கணக்கில் கடனாகவே இருக்கிறது. மறுமையில் தீனாரும் திர்ஹமும் செல்லாத இடத்தில் அது கேட்கப்படுமோ என்ற அச்சம் நீங்கவில்லை.

சகோதர, சகோதரிகளே! பட்டறைக்காரர், தையற்காரர், மருந்துக்கடைக்காரர், பள்ளிக்கூட ஆசிரியர் என்று நாள்தோறும் யாரையாவது பற்றி நாம் தீர்ப்புச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். சொல்வதற்கு முன், அவர் கொடுத்த தாளில் தொகைக்குக் கீழே எழுதியிருப்பதையும் ஒருமுறை படித்துவிடுவோம். சொல்லிவிட்டோம் என்றால், சொன்ன இடத்துக்கே திரும்பிச் சென்று அதைத் திருத்துவோம்.

சுமை ஏறும் நேரத்திலும் தடுமாறாத நாவையும் உள்ளத்தையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.